வாழையிலைக்கு அறுபது வருஷக் குத்தகை

அடுத்த தடவை மதுரை தமுக்கம் புத்தகக் காட்சிக்குப் போனால், கணினிப் புத்தகங்களில் அட்டையை விட்டுவிட்டு உள்ளே ஒரு நிரலைப் பாருங்கள். பைத்தான் நிரல்மொழிப் புத்தகத்தில் 'பிரின்ட்' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. இன்றைய பைத்தான் 3-இல் முதல் நிரலே பிழை காட்டும். சி++ புத்தகத்தில் 'ஐஓஸ்ட்ரீம்' என்பதோடு புள்ளி ஹெச் ஒட்டியிருந்தால், அது 1998 தரப்படுத்தலுக்கு முந்திய டர்போ சி++ மென்பொருள் காலத்துச் சரக்கு. இன்றைய ஜிசிசி தொகுப்பி (கம்பைலர்) அதைத் தொடாது.

பழசாவது குற்றமில்லை. வரிசைப்படுத்தும் முறைகள், எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியின் அடிப்படைகள் எல்லாம் இருபது வருஷம் தாங்கும். முதலில் அழுகுவது நிறுவும் முறையும் ஸ்கிரீன்ஷாட்டும்தான். பைத்தானில் இப்போது வருஷம் ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷமே ஆதரவு.

ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை அனுமதியில்லாமல் யாரும் திருத்தி வெளியிட முடியாது. வாழையிலைக்கு அறுபது வருஷக் குத்தகை!

மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் பாடநூல் எழுதுகிறீர்கள். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை எத்தனை காலத்துக்கு மாற்றிக் கொடுக்கிறீர்கள் என்று எழுதாவிட்டால், அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாகவே கொள்ளும். 'நிரந்தரமாக' என்று எழுதிவிட்டால் முடிந்தது கதை: உங்கள் புத்தகத்தைத் திருத்தி வெளியிட நீங்களே பதிப்பகத்தைக் கேட்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸில் (மற்றவர்கள் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்கள்) வெளியிடுவதும் அப்போது உங்கள் கையில் இல்லை.

உரிமை கையில் இருந்தால் என் ஓட்டு கிரியேட்டிவ் காமன்ஸின் பிஒய்-எஸ்ஏ உரிமத்துக்கு. பெயரைக் குறிப்பிட்டு யாரும் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'என்டி' (மாற்றத் தடை) போட்டால் திருத்திய பதிப்பை வெளியிட முடியாது. கணினிப் புத்தகத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. 'என்சி' (வணிகத் தடை) போட்டால், பத்து ரூபாய் லாபம் வைத்து அச்சடித்து விற்க நினைக்கிற உள்ளூர்க்காரர் கூடத் தயங்குவார். ஒன்று, கொடுத்த உரிமத்தைப் பிறகு திரும்பப் பெற முடியாது, யோசித்துப் போடுங்கள். நிரல்களுக்குத் தனியாக எம்ஐடி என்ற மென்பொருள் உரிமம் கொடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் மென்பொருளுக்கென்று எழுதப்பட்டவை அல்ல.

உரிமம் மட்டும் போதாது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் கோத்த புத்தகத்தின் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அதை யார் திருத்துவது? யூனிகோட் எழுத்தில், மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதி, மூலக்கோப்பையும் கிட்டில் (திருத்தங்களைப் பதிவு வைக்கும் மென்பொருள்) போடுங்கள். முதல் பக்கத்தில் 'பைத்தான் 3.12, உபுண்டு 24.04-இல் சோதித்தது' என்று ஒரு வரி இருக்கட்டும்.