ஸ்கூல் போர்டைத் திட்டுவதற்கு முன்

டாலஸின் வடக்குப் புறநகர்களில் இருக்கும் நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரே கோபம். பள்ளியை மூடுகிறார்கள், வகுப்பில் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள், நூலகரை எடுத்துவிட்டார்கள், பஸ்ஸைக் குறைத்துவிட்டார்கள். "இவ்வளவு ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுகிறோமே, அதெல்லாம் எங்கே போகிறது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டு முழுவதும் ஸ்கூல் போர்டுக்கும் சூப்பரின்டென்டென்டுக்கும் விழுகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. சம்பளமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ட்ரஸ்டிகள், அதாவது நாம் தேர்ந்தெடுக்கும் போர்டு உறுப்பினர்கள், கையில் இருக்கும் அதிகாரம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பெரிய முடிவுகள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் எடுக்கப்படுகின்றன, கொஞ்சம் வாஷிங்டனில். எதை வெட்டுவது என்ற கடைசி வேலை மட்டும்தான் நம் ஊர் போர்டுக்கு மிஞ்சுகிறது.

முதலில் பணக் கணக்கு. டெக்சஸில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படைத் தொகையை மாநிலச் சட்டமன்றம் நிர்ணயிக்கிறது. 2019-ல் அதை 5,140 டாலரிலிருந்து 6,160-ஆக உயர்த்தினார்கள். அதற்கப்புறம் ஆறு வருடம் அது அசையவே இல்லை. கொரோனா வந்தது, விலைவாசி ஏறியது, கட்டடக் காப்பீடு ஏறியது, டீசல் ஏறியது, அந்த 6,160 அப்படியே நின்றது. மாநிலத்திடம் பணம் இல்லையா என்றால், 2023 தொடக்கத்தில் கருவூலத்தில் 3,200 கோடி டாலருக்கு மேல் உபரி இருந்தது. தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டம் நிறைவேறினால்தான் பள்ளி நிதி என்று ஆளுநர் கிரெக் அபாட் பிடிவாதமாக நின்றார். அந்த நவம்பரில் பிரதிநிதிகள் சபை 84-க்கு 63 என்ற வாக்கில் வவுச்சர் பகுதியை மசோதாவிலிருந்து நீக்கியது. அதோடு பள்ளி நிதி மசோதாவும் செத்தது. ஆளுநரின் சொந்தக் கட்சிக்காரர்களே 21 பேர் அவருக்கு எதிராக வாக்களித்திருந்தார்கள், பெரும்பாலும் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள். அவர்களில் பலரை 2024 ப்ரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ஆளுநர் எதிர்த்து வேலை செய்து தோற்கடித்தார். 2025-ல் வவுச்சர் சட்டமாகிவிட்டது, முதல் ஒதுக்கீடு 100 கோடி டாலர்.

அதே 2025-ல் ஹெச்.பி. 2 என்ற பள்ளி நிதிச் சட்டமும் வந்தது. ஏறத்தாழ 850 கோடி டாலர். செய்தியைப் பார்த்த நம்மவர்கள், "அதான் இவ்வளவு கொடுத்துவிட்டார்களே, இன்னும் ஏன் மூக்கால் அழுகிறார்கள்?" என்று கேட்டார்கள். அடிப்படைத் தொகை எவ்வளவு ஏறியது தெரியுமா? 55 டாலர். ஆறு வருட விலைவாசிக்கு ஒரு பிள்ளைக்கு 55 டாலர். மீதிப் பணத்தின் பெரும்பகுதி எதற்குச் செலவாக வேண்டும் என்று சட்டமே கட்டிப்போட்டுவிட்டது. அதில் ஆசிரியர் சம்பள உயர்வு இருக்கிறது, அதை நான் மனதார வரவேற்கிறேன். பெரிய பள்ளி மாவட்டங்களில் (ஒரு போர்டின் கீழ் வரும் பள்ளிகளை மாவட்டம் என்கிறோம்) ஐந்து வருட அனுபவம் உள்ள ஆசிரியருக்கு 5,000 டாலர், 5,000 பிள்ளைகளுக்கு மேற்படாத சிறிய மாவட்டங்களில் 8,000. மின்கட்டணம், காப்பீடு மாதிரியான செலவுகளுக்கென்று ஒரு பிள்ளைக்கு 106 டாலர் தனியாகவும் தந்தார்கள். ஆனால் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வைத்து அடைக்கிற மாதிரி போர்டு தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கக்கூடிய பணம் மிகச் சிறியது. சட்டம் போட்டவர்கள் ஆசிரியருக்குச் சம்பளம் ஏற்றியவர்கள் என்று பெயர் வாங்கிக்கொள்வார்கள். பள்ளியை மூடியவர் என்ற பெயர் உள்ளூர் ட்ரஸ்டிக்கு.

சரி, நம் வீட்டு வரி? வீட்டு மதிப்பு ஏறினால் மாவட்டத்துக்கு வருமானமும் ஏறும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். டெக்சஸில் அப்படி இல்லை. ஒரு மாவட்டத்துக்கு மொத்தம் இவ்வளவு என்று சூத்திரம் முடிவு செய்துவிடுகிறது. உள்ளூர் வரி அதிகமாக வந்தால், மாநிலம் தர வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறையும். அதையும் தாண்டி வரி வந்தால், மிச்சத்தை மாநிலத்துக்கே திருப்பிக் கட்ட வேண்டும். ரீகேப்சர் என்பார்கள், ஊர்ப் பேச்சில் ராபின்ஹூட். அண்மை ஆண்டுகளில் மிக அதிகமாக இப்படித் திருப்பிக் கட்டிவரும் மாவட்டம் ஆஸ்டின். அங்கேயும் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, பள்ளிகளை மூடுகிறார்கள்.

ராபின்ஹூட் வந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் அதைக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற ஏழை மெக்சிகோ வம்சாவளி மக்கள் வாழும் பகுதி. அங்கே வீடுகளுக்கு மதிப்பில்லை, அதனால் வரியும் இல்லை, பள்ளிகளின் நிலையும் படுமோசம். டெமெட்ரியோ ராட்ரிகஸ் என்ற தகப்பனும் மற்ற பெற்றோரும் 1968-ல் வழக்குப் போட்டார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்தது. கல்வி, அமெரிக்க அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்பது தீர்ப்பு. அந்த மக்கள் விடவில்லை. மாநில நீதிமன்றத்துக்குப் போய், 1989-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அதன் விளைவாகத்தான் 1993-ல் ராபின்ஹூட் சட்டம் வந்தது. பணக்கார ஊர் வரியில் ஏழை ஊர்ப் பிள்ளை படிப்பது நியாயம். என் வருத்தமெல்லாம், வீட்டு மதிப்பு ஏறும்போது மாநிலம் தன் பையிலிருந்து எடுத்து வைக்கும் பங்கைக் குறைத்துக்கொள்கிறதே என்பதுதான்.

இன்னொரு விஷயம், நம்மை நேராகத் தொடுவது. டெக்சஸ் பள்ளிகளுக்குப் பணம் கொடுப்பது பதிவில் இருக்கும் பிள்ளைகள் எண்ணிக்கைக்கு அல்ல, தினசரி வருகைக்கு. பெரும்பாலான மாநிலங்களில் இப்படி இல்லை. டிசம்பர் விடுமுறையோடு இன்னும் இரண்டு வாரம் சேர்த்து ஊருக்குப் போய்விட்டு, பொங்கல் முடிந்து வருகிறோமே, அந்த இரண்டு வாரத்துக்கும் பள்ளிக்குப் பணம் குறையும். அடிப்படைத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 35 டாலர். ஆசிரியர் சம்பளமோ பஸ் செலவோ அந்த நாளில் குறையப்போவதில்லை. வயதான அப்பா அம்மாவைப் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, நானும் போகிறவள்தான். ஆனால் இந்தக் கணக்கை மாற்றச் சொல்லிக் கல்வித் துறையினர் பல வருடமாகக் கேட்டுவருகிறார்கள், நாமும் சேர்ந்து கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் வலிக்கிற இடம் ஸ்பெஷல் எஜுகேஷன். 1975-க்கு முன்னால், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்று இந்த நாட்டின் பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்ப முடிந்தது. அந்த வருடம் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் அதை மாற்றியது. இன்று ஐடியா என்று அழைக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற கல்வி, இலவசமாக, ஐ.இ.பி. என்ற எழுத்துப்பூர்வமான திட்டத்தோடு. மகத்தான சட்டம். இதனால் ஏற்படும் கூடுதல் செலவுக்காக, நாட்டின் சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று சட்டத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்ட ஜெரால்டு ஃபோர்டே, கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக இந்தச் சட்டம் வாக்குக் கொடுக்கிறது என்று அன்றைக்கே எச்சரித்தார். அவர் சொன்னதுதான் நடந்தது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட 40 வரவில்லை, இன்றைக்கு 15 சதவீதம்கூட இல்லை. சபையில் மாமன் சீர் நாற்பது பவுன் என்று சொல்லிவிட்டு, முகூர்த்தத்தன்று பன்னிரண்டு பவுனை வைத்துவிட்டுப் போன மாதிரி. கல்யாணத்தை நிறுத்த முடியாது, மீதியை வீட்டுக்காரர்தான் புரட்ட வேண்டும்.

மாவட்டமும் நிறுத்த முடியாது. பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும் என்று ஐ.இ.பி.யில் எழுதியிருந்தால், காசு இல்லை என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. இடம் இருக்கவும் கூடாது. அதனால் பொது நிதியிலிருந்து எடுக்கிறார்கள். அந்தப் பள்ளத்தை ஓவிய வகுப்பும் நூலகமும் நிரப்புகின்றன. அப்போது சில பெற்றோர், ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைகளால்தான் மற்றவர்களுக்கு நஷ்டம் என்று பேசுகிறார்கள். நம் குழுவிலும் ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அந்தக் குழுவில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் இருக்கிறார்கள். கடன் வைத்திருப்பது வாஷிங்டன், அந்தக் குழந்தைகள் அல்ல.

மாநிலம் இதில் செய்தது இன்னும் மோசம். 2004-ல் டெக்சஸ் கல்வித் துறை, ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளில் 8.5 சதவீதம் வரைதான் ஸ்பெஷல் எஜுகேஷனில் இருக்கலாம் என்ற அளவுகோலைச் சத்தமில்லாமல் கொண்டுவந்தது. நாட்டின் சராசரி அப்போது 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2016-ல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் பத்திரிகை அம்பலப்படுத்தும்வரை இது பெற்றோருக்குத் தெரியாது. 2017-ல் சட்டமன்றம் அந்த வரம்பைத் தடை செய்தது. டெக்சஸ் சட்டத்தை மீறியிருக்கிறது என்று 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறையும் சொன்னது. அந்த வருடங்களில் "இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்", "இரண்டு மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தாமதம் சகஜம்" என்று திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆசிரியர் சரியில்லை என்று அவர்கள் அன்று நொந்துகொண்டார்கள். ஆணை எங்கிருந்து வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

டெக்சஸின் யூவால்டியில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் ஏந்திய காவலர் இருக்க வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டார்கள். அதற்குத் தந்தது பள்ளிக்கு 15,000 டாலர், பிள்ளைக்கு 10 டாலர். 15,000 டாலருக்கு வருடம் முழுக்க எந்தப் போலீஸ்காரர் வேலைக்கு வருவார்? 2025-ல் தொகையைக் கூட்டினார்கள், அதுவும் ஒரு முழுச் சம்பளத்துக்குப் போதாது.

பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று. தமிழ் என்று எழுதினால் பிள்ளையை இ.எஸ்.எல். என்ற, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கான வகுப்பில் போட்டுவிடுவார்கள், ஆங்கிலம் என்று எழுது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நம்மவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் படிவத்துக்குப் பின்னால், சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள் போராடி 1974-ல் உச்ச நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பு இருக்கிறது. மொழி புரியாத பிள்ளையை வகுப்பில் சும்மா உட்காரவைப்பது சமமான கல்வி ஆகாது என்ற தீர்ப்பு. தமிழ் என்று எழுதினால் முதலில் ஒரு தேர்வுதான் வைப்பார்கள். ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளை வழக்கமான வகுப்பிலேயே இருக்கும். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவி கிடைக்கும், மாவட்டத்துக்கும் அதற்கான கூடுதல் நிதி வரும். உண்மையை எழுதுங்கள்.

அந்த உதவிக்கான மத்திய நிதியும் இப்போது நிச்சயமில்லை. 2025 ஜூலை 1 அன்று மாவட்டங்களுக்கு வந்திருக்க வேண்டிய சுமார் 680 கோடி டாலரை டிரம்ப் நிர்வாகம் நிறுத்திவைத்தது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், ஆசிரியர் பயிற்சி, பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்புகள் ஆகியவற்றுக்கான பணம். நாடாளுமன்றம் ஒதுக்கி, அதே அதிபர் கையெழுத்துப் போட்ட பணம். இரு கட்சியினரும் எதிர்த்ததால் அந்த மாதக் கடைசியில் விடுவித்தார்கள். அதற்குள் ஆட்களை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாடு முழுக்க மாவட்டங்கள் திண்டாடின. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிற்கிறதே என்று கொதித்தவர்கள் நாம். ஆனால் இங்கே நடந்தது நம் குழுக்களில் செய்தியாகக்கூட வரவில்லை.

போர்டுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. எந்தப் பள்ளியை மூடுவது என்பது அவர்கள் முடிவுதான், அதில் தவறு செய்தால் கேட்க வேண்டும். ஆனால் வரி விகிதத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயர்த்தச் சட்டப்படி நம்மிடம்தான் வர வேண்டும். 2024 நவம்பரில் ஃப்ரிஸ்கோ மாவட்டம் அப்படி வாக்காளர்களிடம் வந்தது, தோற்றது. கேட்டதைக் கொடுக்காமல் விட்டதும் ஊர்க்காரர்கள்தான். இருக்கிற அதிகாரமும் நிரந்தரம் இல்லை. 2015-ல் போட்ட ஒரு சட்டத்தின்படி, ஒரே ஒரு பள்ளி மாநிலத்தின் தர மதிப்பீட்டில் தொடர்ந்து ஐந்து வருடம் தேறாவிட்டால் முழு மாவட்டத்தையும் மாநிலம் எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூனில் ஹூஸ்டனில் மக்கள் தேர்ந்தெடுத்த போர்டை அப்படித்தான் ஒதுக்கிவைத்துவிட்டு, நியமித்த ஆட்களை உட்காரவைத்தார்கள்.

குடியுரிமை வாங்கியவர்கள் நவம்பர் அதிபர் தேர்தலுக்கு மட்டும் வாக்களித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நம் பள்ளிக்கு எவ்வளவு என்று முடிவு செய்பவர் மாநிலப் பிரதிநிதி. பெரும்பாலான தொகுதிகளில் அவர் யார் என்பது மார்ச் மாத ப்ரைமரியிலேயே முடிந்துவிடும். ட்ரஸ்டி தேர்தல் பல மாவட்டங்களில் மே மாதம், கொஞ்சம் பேர்தான் வருவார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் போர்டு கூட்டத்தில் பேசலாம். டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி 140 நாள் நடக்கிறது. பிரதிநிதிகள் சபைக் குழு ஒரு மசோதாவை விசாரிக்கும் நாளில் இணையத்திலேயே கருத்தைப் பதியலாம், டெக்சஸில் வசிப்பவர் என்றால் போதும், ஹெச்-1பி விசாவில் இருந்தாலும் சரி. அடுத்த கூட்டத்தொடரில் நாம் கேட்க வேண்டியவை எனக்குத் தெளிவாக இருக்கின்றன: அடிப்படைத் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும், பணம் வருகைக்கு அல்லாமல் பதிவுக்குத் தர வேண்டும், ஒரு கட்டளை போட்டால் அதன் முழுச் செலவையும் கட்டளை போட்டவரே தர வேண்டும். உங்கள் தொகுதிப் பிரதிநிதி யார் என்று தெரியாதவர்கள் ஊர்ப் பெயரைப் பின்னூட்டத்தில் போடுங்கள், தேடித் தருகிறேன்.