"கேச் கிளியர் பண்ணுங்க சார்"னு சொல்றதுக்குத்தான் காசு வாங்கினீங்களா?

புதுச்சேரி நேரு வீதியில இருந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் வெப்சைட் போட்ட எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் இதே புலம்பல்தான். திறக்க மாட்டேங்குது. திறந்தா பழசு காட்டுது. ஃபார்ம்ல யாராவது விலை கேட்டு எழுதினா மெயில் வர்றதில்ல. போட்டுக் கொடுத்த ஆளுக்கு போன் அடிச்சா எல்லாத்துக்கும், கேச்ங்கற சேமிச்சு வச்ச பழைய நகல் மேல பழி போட்டு, ஒரே பதில்: "கேச் கிளியர் பண்ணிப் பாருங்க சார்." பண்ணியும் வரலைன்னா, "48 மணி நேரம் ஆகும் சார்." அதுக்கப்புறம் போனே எடுக்கறதில்ல.

அந்த 48 மணி நேரம் எங்கேருந்து வந்துச்சுன்னாவது தெரியுமாய்யா? டாட் காம் பேர் எந்த நேம்சர்வர்ல (வெப்சைட் பேருக்கு முகவரி சொல்ற சர்வர்) இருக்குங்கற விவரத்தை, இணைய இணைப்பு கொடுக்குற கம்பெனிகளோட சர்வருங்க 1,72,800 செகண்டு வரைக்கும் வச்சிக்கலாம். அதான் ரெண்டு நாள். நேம்சர்வரை மாத்தினாதான் இந்தக் கணக்கு. சைட் எந்த சர்வர்ல இருக்குன்னு காட்டற ஏ ரெக்கார்டை மட்டும் மாத்தினா அதோட டிடிஎல், அதாவது பழசை வச்சிக்கற நேரம், எவ்வளவோ அவ்வளவு நேரம்தான், பெரும்பாலும் ஒரு மணி நேரமோ நாலு மணி நேரமோ. முந்தின நாளே டிடிஎல்லை 300 செகண்டு ஆக்கி வச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடியிற வேலை. அதைச் செய்யாம கடைக்காரரை ரெண்டு நாள் காக்க வைக்கிறது சுத்த சோம்பேறித்தனம்.

கேச்தான் காரணமான்னு பார்க்கறதும் பெரிய வித்தை இல்ல. வைஃபையை அணைச்சிட்டு மொபைல் டேட்டாவுல, பழைய நகலைத் தொடாத இன்காக்னிட்டோ ஜன்னல்ல திறங்க. அப்பவும் பழசுன்னா உங்க பிரவுசர் மேல குத்தமில்ல. முகவரியோட கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒரு எண் அடிங்க. இப்ப புதுசு வந்தா சர்வர் பக்கத்து கேச்தான் பிரச்சினை. சைட் கட்டற மென்பொருளான வேர்ட்பிரஸ்ல இருக்குற கேச் பிளகினை (கூடுதலா சேர்க்கற நிரல்) முதல்ல காலி பண்ணணும், அதுக்கப்புறம்தான் பக்கத்தோட நகலைப் பல ஊர் சர்வர்ல வச்சுத் தர்ற சிடிஎன்னை. வரிசை மாறினா சிடிஎன் மறுபடியும் பழசையே இழுத்து வச்சிக்கும். எண் போட்டும் பழசேன்னா, நீங்க பார்க்கறது பெரும்பாலும் வேற சர்வர்.

அதுல ஒரு கூத்து இருக்கு. ஆபீஸ் பிராட்பேண்டில புதுப் பக்கம் வரும், ஜியோ போன்ல பழைய பக்கம் வரும். ஹோஸ்டிங் (சைட்டை வைக்கிற சர்வர்) மாத்தும்போது ஏ ரெக்கார்டை மாத்தியிருப்பாங்க, நாலு ஏ போட்டு எழுதுற ஐபிவி6 (புது வகை இணைய முகவரி) ரெக்கார்டை அப்படியே விட்டிருப்பாங்க. ஜியோ ஐபிவி6-லதான் போகும், அதனால பழைய சர்வர் வாசல்ல போய் நிக்கும். சைட் பாதுகாப்பானதுன்னு காட்டற எஸ்எஸ்எல் சான்றிதழும் இதே இடத்துல மாட்டிக்கும். அந்தச் சான்றிதழை இலவசமா தர்ற லெட்ஸ் என்க்ரிப்ட் சரிபார்க்க வரும்போது ஐபிவி6 முகவரி இருந்தா முதல்ல அங்கதான் போகும். பழைய சர்வர் பதில் தப்பா இருக்கும், புதுப்பிப்பு நடக்காது, சான்றிதழ் காலாவதியான அன்னிக்கு சைட் முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. புது ஹோஸ்டிங்ல ஐபிவி6 இல்லைன்னா அந்த ஒரு வரியை அழிச்சா தீர்ந்துச்சு. இதுக்கும் கேச் கிளியர் பண்ணச் சொல்றாங்களே, என்ன சொல்றது!

இதைவிட வயிறெரியற விஷயம் டொமைன், அதாவது வெப்சைட்டோட பேர். காசு உங்க காசு, பத்திரம் அவன் பேர்ல. டொமைனை டிசைனரோட ரிஜிஸ்ட்ரார் (டொமைன் விக்கிற கம்பெனி) கணக்குல, டிசைனரோட மெயில் ஐடியில பதிவு பண்ணிட்டு, "எல்லாம் நானே பாத்துக்கறேன் சார்"னு சொல்லிடுவாங்க. பதிவு பண்ணதும் அந்த மெயிலுக்கு ஒரு உறுதிப்படுத்தல் லிங்க் வரும். டொமைன் பேருங்களை மேற்பார்க்கற அமைப்பான ஐகேனோட விதிப்படி 15 நாளுக்குள்ள அதை அழுத்தலைன்னா டாட் காம் பேரை நிறுத்தி வைப்பாங்க. டொமைன் பதிவு பண்ணி ரெண்டு வாரம் தாண்டினதும் சைட் திடீர்னு படுத்துடுச்சுன்னா முதல்ல இதைப் பாருங்க. ஒரு வருஷம் கழிச்சு வர்ற புதுப்பிப்பு நினைவூட்டலும் டிசைனருக்குத்தான் போகும். தேதி தாண்டினா, டாட் காம்ல அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம், அதுவும் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்துக் குறையும். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம். அப்ப சாதாரண கட்டணத்தைப் போல பல மடங்கு கேட்பாங்க. அதுவும் போனா 5 நாள்ல அழிஞ்சு, யார் வேணும்னாலும் வாங்கிக்கலாம்.

கணக்கு உங்க பேர்ல, உங்க மெயில்ல, ஓடிபி உங்க போனுக்கு வர்ற மாதிரி இருக்கணும். ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்கன்னா, அதே ரிஜிஸ்ட்ரார்ல உங்க பேருக்கு ஒரு கணக்கு திறந்து, கணக்கு விட்டுக் கணக்கு மாத்தித் தரச் சொல்லுங்க. இது சுலபம். வேற ரிஜிஸ்ட்ராருக்கு நகர்த்தணும்னா டொமைன் மேல போட்ட லாக்கை எடுக்கணும், ஆத் கோடுங்கற மாற்றல் கடவுச்சொல்லை வாங்கணும், பதிவு பண்ணி 60 நாள் ஆகாத டாட் காம் பேர்னா அதுவும் நடக்காது. முக்கியமா, டொமைன் பதிவுக்கு மெயில் ஐடின்னு அந்த டொமைனையே உபயோகிக்கற மெயிலைக் கொடுக்காதீங்க. டொமைன் செத்தா அந்த மெயிலும் செத்துடும், மீட்பு லிங்க் எங்க வரும்?

நேம்சர்வரை மாத்தினதும் கம்பெனி மெயில் நின்னு போறது இன்னொரு தலைவலி. மெயில் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டு புது இடத்துல இருக்காது. மாத்துறதுக்கு முன்னாடி இந்த ரெக்கார்டுங்க எல்லாம் இருக்கற பழைய டிஎன்எஸ் பக்கத்தை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிக்கிட்டா முடிஞ்ச விஷயம். ஃபார்ம் மெயில் வராததுக்குக் காரணம் வேற. வாடிக்கையாளர் தன் ஜிமெயில் முகவரியை அடிக்கிறாரு, ஃபார்ம் அந்த முகவரியையே அனுப்புநர்னு போட்டு உங்க சர்வர்ல இருந்து அனுப்புது. ஜிமெயிலுக்கு இது ஆள்மாறாட்டம். அனுப்புநர் இடத்துல உங்க டொமைன் முகவரி, ரிப்ளை-டு (பதில் போக வேண்டிய) இடத்துல வாடிக்கையாளர் முகவரி, அனுப்பறது மெயில் கணக்குல நுழைஞ்சு அனுப்பற எஸ்எம்டிபி பிளகின் வழியா. 2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் மெயில் நிஜமா அந்த டொமைன்ல இருந்துதான் வருதுன்னு காட்டற எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ரெக்கார்டு இருக்கணும். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான். ஹோஸ்டிங்காரர் ஒண்ணு, மெயில்காரர் ஒண்ணுன்னு ரெண்டு வரி போட்டா ரெண்டுமே செல்லாது, ஒரே வரியில சேர்த்து எழுதணும்.

படம் பத்தி ஒரே ஒரு வார்த்தை. போன்ல எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், 4 எம்பி. அதுல இருபதை முகப்புல வரிசையா அடுக்கிட்டு "சர்வர் ஸ்லோ சார், பெரிய பிளான் எடுங்க"னு காசு பிடுங்கறாங்க. 1600 பிக்சலுக்குக் குறைச்சு, அளவு சின்னதாகற வெப்பி (WebP) வடிவத்துல, தரம் 75-ல சேமிச்சா ஒரு படம் 200 கேபி பக்கம் வந்து நிக்கும். பிளான் மாத்த வேண்டியதே இல்ல.

இப்ப தமிழுக்கு வருவோம், இங்கதான் ரத்தம் கொதிக்குது. கல்யாணப் பத்திரிகை, ஃபிளக்ஸ் அடிக்கிற கடையில இருந்து வர்ற தமிழ் முக்கால்வாசி பாமினிங்கற பழைய ஃபான்டுல இருக்கும். அவங்க கம்ப்யூட்டர்ல 'தமிழ்'னு அழகா தெரியும். அதைக் காப்பி பண்ணி வெப்சைட்ல ஒட்டினா ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான் வரும். பாமினியில எழுத்து ஆங்கிலம்தான், மேல போட்ட சட்டைதான் தமிழ். இதைச் சரி பண்ண சில மேதாவிங்க என்ன பண்றாங்க தெரியுமா? பாமினி ஃபான்டையே சைட்ல ஏத்திடறாங்க. கண்ணுக்குத் தமிழ் தெரியும், கூகுளுக்கு ஜே கே பி ஓ. எந்தத் தேடல்லயும் அந்தக் கடை வராது. ஆன்லைன்ல இலவச மாற்றி எத்தனையோ இருக்கு, பாமினியைக் கொடுத்தா, எல்லா இடத்துலயும் படிக்கிற பொதுக் குறியீடான யூனிகோடு வரும். மாத்தினதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, கொம்பும் ஒற்றும் அங்கங்க சறுக்கும்.

யூனிகோடு போட்டும் எல்லாம் கேள்விக்குறியா வருதுன்னா சைட்டோட எழுத்தைச் சேமிக்கற டேட்டாபேஸ், தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 குறியீட்டுல இருக்கு. அதோட டேபிளை, தமிழைத் தாங்கற யூடிஎஃப்8எம்பி4-க்கு மாத்தணும். ஏற்கனவே கேள்விக்குறியா சேமிச்சது திரும்பி வராது, மறுபடி அடிக்கத்தான் வேணும். அடுத்தது ஃபான்ட். டெம்ப்ளேட்ல பாப்பின்ஸ்னு இருக்கும், அதுல தமிழே கிடையாது, ஒவ்வொரு போன்லயும் கைக்குக் கிடைச்ச எழுத்துருவுல காட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, எதையாவது ஒண்ணைப் போடுங்க. தலைப்புக்கு வரி உயரம் 1.1-னு ஆங்கிலக் கணக்குல வச்சிருப்பாங்க, மேல புள்ளியும் சுழியும், கீழ 'கு', 'மு' வாலும் பக்கத்து வரியில இடிக்கும். 1.5 வையுங்க. ரெண்டு பக்கமும் சமமா நிரவுற ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். நம்ம வார்த்தைங்க நீளம், போன் திரையில நடுவுல பொக்கை பொக்கையா விழும்.

பக்கத் தலைப்பைத் தமிழ்ல வச்சா வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழ்லயே ஆக்கிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, கொம்பு, புள்ளி தனித்தனியா) உள்ள 9 எழுத்தா சேமிக்கப்படும், இடம் மொத்தம் 200 எழுத்துதான். 22 குறியோட முகவரி பாதியில அறுந்துடும், வாட்ஸ்அப்ல அனுப்பினா சதவீதக் குறியா ஒரு முழம் நீளும். முகவரிக்கு மட்டும் சின்னதா ஆங்கிலச் சொல் கொடுத்திடுங்க, தலைப்பு தமிழ்லயே இருக்கட்டும்.

ஊர்ப் பேர் இன்னொண்ணு. 2006-லயே புதுச்சேரின்னு மாத்தியாச்சு, ஆனா வெளியூர்க்காரன் இன்னும் பாண்டிச்சேரின்னும் பாண்டின்னும்தான் தேடுறான். முகப்புப் பக்கத்துல புதுச்சேரி, பாண்டிச்சேரி ரெண்டுமே ஒரு தடவையாவது வரணும். அதுக்கும் முன்னாடி வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங்னு இருக்கே, அங்க தேடுபொறிகளைத் தடுக்கற டிக் இருக்கான்னு பாருங்க. சைட் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்காமலே ஒப்படைச்சிட்டு, கடைக்காரர்கிட்ட எஸ்இஓ-வுக்கு (தேடல்ல மேல வர வைக்கிற வேலை) மாசா மாசம் காசு வாங்கற ஆளுங்களும் இருக்காங்க. என்ன நெஞ்சழுத்தம்!

ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு நம்ம ஊர்ல தனிச் சிக்கல். சென்னையில உக்காந்து வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ்ல கடை நடத்தற பிளகின்) அமைக்கறவருக்கு புதுச்சேரி தனி மாநிலக் கணக்குன்னே உறைக்கறதில்ல. டெலிவரி மண்டலத்துல 'தமிழ்நாடு'னு மட்டும் போட்டுடுவார். புதுச்சேரி மிஷன் வீதி கடையில, அதே ஊர் முத்தியால்பேட்டைக்காரர் ஆர்டர் போட்டா "டெலிவரி வசதி இல்லை"ன்னு காட்டும்! புதுச்சேரிக்குத் தனி மண்டலம் வேணும். பின்கோடை நம்பி மண்டலம் பிரிச்சா அதுவும் காலை வாரும். 605-னு ஆரம்பிச்சா புதுச்சேரின்னு எழுதிடறாங்க. விழுப்புரம் 605602, ஆரோவில் 605101, ரெண்டும் தமிழ்நாடு. கிருமாம்பாக்கம் பக்கம் 607-ல ஆரம்பிக்கும், ஆனா அது புதுச்சேரி. காரைக்கால் 609602. மாநிலத்தை வச்சு மண்டலம் பிரிங்க, தூரத்துக்குத் தகுந்த கட்டணம் வேணும்னா மாநிலத்துக்குள்ள பின்கோடு வைங்க. மேலேருந்து கீழ பார்த்து முதல்ல பொருந்தற மண்டலம்தான் வேலை செய்யும், அதனால சின்ன மண்டலம் மேல இருக்கணும்.

வரியும் அப்படித்தான். புதுச்சேரி ஜிஎஸ்டி எண் 34-ல ஆரம்பிக்கும், தமிழ்நாடு 33. எல்லையில இருக்கற முள்ளோடை தாண்டிக் கடலூருக்கு ஒரு கிலோ முந்திரி அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, ஐஜிஎஸ்டி. 5 சதவீதச் சரக்குன்னா புதுச்சேரிக்கு மத்திய, மாநில வரின்னு 2.5, 2.5-னு ரெண்டு வரி, மத்த மாநிலத்துக்கு 5-னு ஒரு வரி. வூகாமர்ஸ்ல அந்த ரெண்டு வரிக்கும் முன்னுரிமை எண் 1, 2-னு வேற வேறயா இருக்கணும். ஒரே எண் கொடுத்தா ஒண்ணு மட்டும்தான் பிடிக்கும், பில்லுல பாதி வரி காணாம போகும். எல்லைக்கு அந்தப்பக்கம் அனுப்பறதுக்கு முன்னாடி பதிவு விஷயத்தை ஆடிட்டர்கிட்ட கேட்டுக்குங்க, வெளிமாநில விற்பனைக்கு விதி வேற.

பணம் கட்டற இடம் கடைசி. ரீஃபண்ட், டெலிவரி, தனியுரிமை, தொடர்பு முகவரி, இந்தப் பக்கங்க இல்லாம, ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற பேமெண்ட் கேட்வே கம்பெனியோட ஒப்புதல் கிடைக்கறது கஷ்டம், இதைக் கூட முன்கூட்டியே சொல்றதில்ல. ஒப்புதல் வந்ததும் சோதனைக்கான டெஸ்ட் சாவியை எடுத்துட்டு நிஜ விற்பனைக்கான லைவ் சாவி போடுவாங்க, பணம் வந்ததைக் கேட்வே கடைக்குச் சொல்ற வெப்ஹூக் முகவரியைப் போட மறந்துடுவாங்க. வாடிக்கையாளர் யூபிஐ-ல பணம் கட்டிட்டு, திரும்ப சைட்டுக்கு வராம ஆப்பை மூடிடுவாரு. வெப்ஹூக் இல்லாததால பணம் வந்த சேதி கடைக்கே தெரியாது. ஆர்டர் 'பெண்டிங்'லயே கிடக்கும். வூகாமர்ஸ்ல சரக்கைப் பிடிச்சு வைக்கிற நேரம் 60 நிமிஷம்னு முதல்லயே அமைஞ்சிருக்கும். அது முடிஞ்சதும் ஆர்டர் தானா ரத்து. பணம் போயிடுச்சு, ஆர்டர் ரத்துன்னு வாடிக்கையாளருக்குத் தெரிஞ்சா அவர் கடையைத் திருட்டுக் கடைன்னுதான் எழுதுவாரு. கேட்வே டாஷ்போர்டுல வெப்ஹூக் பகுதிக்குப் போய், பிளகின் காட்டற முகவரியையும் ரகசியச் சொல்லையும் ஒட்டுங்க. பத்து ரூபாய்க்கு ஒரு பொருள் ஏத்தி, யூபிஐ-ல கட்டி, பணம் போன உடனே பிரவுசரை மூடுங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆர்டர் 'புராசஸிங்'னு மாறலைன்னா டிசைனருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீங்க.