அவள் சொல்வதை ஏன் யாரும் நம்புவதில்லை?

பழைய சஸ்பென்ஸ் கதைகளில் பெண்கள் அலறுவதற்கும் மயங்கி விழுவதற்கும்தான் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்ல கதைகளில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுகொள்பவளே அவள்தான். அவள் சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை. நமக்கு நெஞ்சு படபடப்பது அதனால்தான்.

வில்கி காலின்ஸின் 'தி வுமன் இன் ஒயிட்' நாவல் 1859-60இல் இங்கிலாந்தில் தொடராக வந்தது. லாராவைக் கட்டியவனுக்கு அவளுடைய 20,000 பவுண்டு மேல் கண். பிள்ளை இல்லாமல் அவள் இறந்தால் பணம் அவனுக்கு என்று கல்யாண ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறான். குடும்ப வக்கீல் வேண்டாம் என்று மன்றாடுகிறார். சித்தப்பாவோ தன் தலைவலி தீர்ந்தால் போதும் என்று சம்மதித்துவிடுகிறார். அப்புறம், லாராவின் சாயலில் இருக்கும் வேறொரு பெண் இறந்ததும் அவளை லாரா என்று புதைத்துவிட்டு, உயிரோடிருக்கும் லாராவை அந்தப் பெண்ணின் பெயரில் மனநோய் விடுதியில் அடைத்துவிடுகிறார்கள். "நான்தான் லாரா" என்று அவள் சொல்லச் சொல்ல, அதுவே பைத்தியத்துக்கு அத்தாட்சி ஆகிறது.

அவளைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவருவது அக்கா மரியன். சதியை ஒட்டுக்கேட்க, பட்டு உடையையும் உள்பாவாடைகளையும் கழற்றிவிட்டு ராத்திரியில் கூரைமேல் ஊர்ந்து போகிறவள் அவள். மழையில் நனைந்து காய்ச்சலில் கிடக்கும்போது, லாராவின் கணவனுக்குக் கூட்டாளியான வில்லன் அவளுடைய நாட்குறிப்பைப் படித்து, அதிலேயே பாராட்டி நாலு வரி எழுதியும் வைக்கிறான். எனக்கு அந்த நாவலிலேயே குலைநடுங்கும் இடம் அதுதான். மனைவியின் போனை உரிமையோடு எடுத்துப் பார்க்கிற ஆண்கள் இருக்கும்வரை அந்தப் பக்கம் பழசாகாது.

பேட்ரிக் ஹாமில்டனின் 'கேஸ் லைட்' நாடகம் 1938. கணவனே பொருள்களை ஒளித்துவைத்துவிட்டு, மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்பவைக்கிறான். குடும்பத்துக்குள் இப்படி ஆட்டிப்படைப்பதை இங்கிலாந்தும் வேல்ஸும் தனிக் குற்றமாக்கியது 2015இல்தான்.

இரண்டிலும் கடைசியில் ஓர் ஆண் வந்துதான் வழக்கை முடிக்கிறான் என்பது நியாயமான குறை. நாடகத்தில் கணவன் மாடியில் ரகசியமாக விளக்கேற்றும்போதெல்லாம் கீழே கேஸ் விளக்கு மங்குகிறது; அதைத் தன் கண்ணால் பார்த்தவளுக்கு, அது நிஜம்தான் என்று ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இன்று புகார் கொடுக்கப் போகிற பெண்ணிடமும் "வேறு யாராவது பார்த்தார்களா?" என்றுதானே கேட்கிறோம்? அந்தக் குறையை எழுத்தாளர்கள் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை.