வாக்கிங் போக டைம் இல்லன்னா பரவால்ல, நடங்க

"வாக்கிங் போக எங்கங்க டைம் இருக்கு"ன்னு கேக்கறவங்கள சோம்பேறின்னு முத்திரை குத்துறத பார்த்தா எனக்கு கோவம்தான் வருது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைச்சு டிஃபன் பாக்ஸ் கட்டி பசங்கள ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடற பொண்ணுகிட்ட போய் பார்க்ல ஒரு மணி நேரம் நடம்மான்னா அவ எப்ப நடப்பா?

ஆனா உடம்பு அசையணும், அதுல மாத்துக்கருத்தே இல்ல. 1953ல ஜெரமி மாரிஸ்ங்கற டாக்டர் லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்கள வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டார். நாள் பூரா சீட்லயே இருந்த டிரைவர்கள விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் கம்மி. டிரைவர்களோட யூனிஃபார்ம் இடுப்பளவே பெருசா இருந்துச்சுன்னு அவரே பின்னாடி எழுதினார், அதாவது அவங்க முன்னாடியே குண்டா இருந்திருக்கலாம், அதனால எல்லாத்துக்கும் படிக்கட்டுதான் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அப்புறம் வந்த எத்தனையோ ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டுது. அந்த கண்டக்டர் யாரும் எக்ஸர்சைஸ் பண்றேன்னு நினைச்சு படி ஏறல பாருங்க, வேலையே அப்படி.

முன்னாடி தொடர்ந்து பத்து நிமிஷமாவது நடந்தாத்தான் கணக்குன்னு சொல்லிட்டிருந்த உலக சுகாதார நிறுவனம் 2020ல அந்த கண்டிஷனையே எடுத்துடுச்சு. வாரத்துக்கு 150லருந்து 300 நிமிஷம், துண்டு துண்டா வந்தாலும் சேரும். பத்தாயிரம் ஸ்டெப்னு மிரள்றவங்களுக்கு ஒண்ணு, அது 1965 வாக்குல ஜப்பான்ல ஒரு கம்பெனி ஸ்டெப் எண்ற மெஷினுக்கு வச்ச பேரு, டாக்டர் எழுதி கொடுத்த அளவு இல்ல.

நான் எல்லார்கிட்டயும் கெஞ்சி கேக்கறது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷ நடை. கால் தசை வேலை செய்யும்போது இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்களுக்கும் ரத்தத்துல இருக்கற சர்க்கரைய இழுத்துக்கும். நம்ம நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர்னு 2023ல ஐசிஎம்ஆர்ங்கற மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட ஆய்வு சொல்லுச்சு, நாமளோ ஒன்பது மணிக்கு தோசைய சாப்பிட்டுட்டு அப்படியே சோஃபால சாஞ்சுடறோம். எங்க அம்மாவுக்கு வாக்கிங்னாலே ஆகாது, ஆனா ராத்திரி சித்திகிட்ட போன் பேசற நேரத்த மொட்டை மாடிக்கு மாத்திட்டாங்க, துணி காயப்போடற கொடிக்கும் தண்ணி டேங்குக்கும் நடுவுல பேச்சு முடியற வரைக்கும் நடை, கதை சூடு பிடிச்சா வேகமும் கூடும். (இன்சுலின் போடறவங்க மட்டும் டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.)

இன்னொரு விஷயம், நிக்கறது வேற நடக்கறது வேற. ஜவுளிக்கடைல நாள் முழுக்க நின்னு கால் நரம்பு சுருண்டு போன பொண்ணுங்ககிட்ட போய் இன்னும் அசைங்கன்னு சொன்னா அது அநியாயம், அவங்களுக்கு வேண்டியது ஸ்டூல். அதுக்கு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் திருத்தியாச்சு, உங்க ஊர் கடைல ஸ்டூல் இருக்கான்னு அடுத்த தடவை பாருங்க.

பிளாட்பாரம் பூரா பைக்க நிறுத்திட்டு, தெரு லைட்டும் எரியாம ஜனங்கள நடங்கன்னா எங்க நடப்பாங்க? ஆபீஸ்லயும் அதே கதைதான், லிஃப்ட் பளபளன்னு இருக்கும், படிக்கட்டுல அட்டைப்பெட்டி அடுக்கி கதவையும் பூட்டி வச்சிருப்பாங்க. தீ பிடிச்சாலும் அதுதாங்க வழி. உங்க ஆபீஸ்ல அப்படி இருந்தா நாளைக்கே அட்மின்கிட்ட போய் திறக்க சொல்லுங்க, தனியா கேக்க தயக்கமா இருந்தா கூட நாலு பேர சேர்த்துக்கிட்டு போங்க.