அன்றைக்கு நானும் கத்தினேன்

அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காகச் சென்னை போக வேண்டி இருந்தது. விடிய இரண்டரை மணிப் பிளேன். வெள்ளவத்தையிலிருந்து வானில் வெளிக்கிட்டோம். கொள்ளுப்பிட்டி கழியவே வான்காரரின் தலை ஆடத் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து நாலாவது ஹயராம். "அண்ணை, ஹைவேயில ஏற முதல் நிப்பாட்டுங்கோ, ஒரு பிளேன்டீ குடிப்பம்" என்றேன். பேலியகொடையில் அவர் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, கால் மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் மீண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நேரம் போகிறதே என்று எங்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கட்டுநாயக்காவில் அறிவிப்பு வந்தது. விமானிகளின் கடமை நேரம் முடிந்துவிட்டது, மாற்று ஆட்கள் வரும்வரை விமானம் தாமதம். உடனே கவுண்டரில் நின்ற பிள்ளையைச் சுற்றி ஒரு கூட்டம். அதில் நானும். "இதை முதலே யோசிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்தார்.

வான்காரருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த அதே நான்தான். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விடிய இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான் உடம்பு ஆகக் கீழே இறங்கி நிற்கும். பகலில் படுத்து எழும்பினால் போதாதா என்று கேட்பார்கள். நைட் ஷிஃப்ட் செய்த தாதிமாரைக் கேட்டுப் பாருங்கள், வெயிலில் எத்தனை மணித்தியாலம் நித்திரை வந்தது என்று. 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 வீதம் மது ஏறியவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இலேயே ஆய்வு வந்துவிட்டது. குடித்துவிட்டு வந்தவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறுவோமா?

2010 மே 22, மங்களூர். டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ், விடியற்காலையில் ஓடுபாதை தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் போனார்கள், எட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். தலைமை விமானி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை, குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவில் இருந்தது. ஆனால் தரையைத் தொடும்போது அவர் விழித்துத்தான் இருந்தார். ஆழ்ந்த நித்திரையில் இருந்து எழும்பியவருக்குக் கண் திறந்தாலும் மூளை திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இறங்காதீர்கள், மேலே எழுப்புங்கள் என்று பக்கத்திலிருந்தவர் மூன்று தரம் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

1974 டிசம்பரில் நம் மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்த விபத்தும் இரவில்தான். அது களைப்பால் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்ற கணக்கு அவர்களுக்குப் பிழைத்துவிட்டது. பகலென்றால் மலை கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இரவில் விமானியின் தலைக்குள் இருக்கும் கணக்கு மட்டும்தான்.

விமானிகளின் வேலை, ஓய்வு நேர விதியை இந்தியா இறுக்கியபோது நடந்ததைப் பார்த்தோம். வார ஓய்வு 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆகியது. நள்ளிரவுக்கும் ஆறு மணிக்கும் இடையிலான தரையிறக்கத்தின் உச்ச எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகியது. தயாராக நிறைய அவகாசம் இருந்தும் 2025 டிசம்பரில் இண்டிகோ விமான நிறுவனம் விமானிகள் போதாமல் ஒரே நாளில் 1,000க்கு மேற்பட்ட பயணங்களை ரத்துச் செய்தது. ஒழுங்குமுறை அமைப்பு என்ன செய்தது? இரவு விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்குப் பெப்ரவரி வரை விலக்குக் கொடுத்தது. ஆள் சேர்க்காத நிறுவனத்தின் கணக்கை விமானியின் நித்திரையில் இருந்து கழித்துக் கொடுத்ததாகவே எனக்குப் படுகிறது. பயணிகள் கத்திய கத்தும் அதற்கு ஒரு சாட்டு.

விதி இருந்தாலும் எல்லாம் சரி என்றில்லை. 2024 ஜனவரியில் இந்தோனேசியாவின் பாத்திக் எயார் விமானம் 28 நிமிடம் இரண்டு விமானிகளும் நித்திரையாக இருக்கப் பறந்தது. துணை விமானியின் வீட்டில் ஒரு மாதத்து இரட்டைக் குழந்தைகள். ஓய்வு கொடுத்ததாகத் தாளில் எழுதலாம், நித்திரை கொண்டாரா என்று தாளுக்குத் தெரியாது. ஆகவே "இன்றைக்கு என்னால் ஏலாது" என்று ஒரு விமானி சொன்னால், சம்பளத்திலோ பதவியுயர்விலோ கை வைக்காத ஏற்பாடு வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற விதிகள் அரைவாசிதான்.

அடுத்த மாதம் அம்மாவின் மற்றக் கண்ணுக்காகத் திரும்பவும் சென்னை. பகல் பிளேனில் போவோம் என்றேன். இரண்டு டிக்கட்டின் விலையையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "இரவுப் பிளேனையே போடு. பிந்தினா, நீ வாயைத் திறக்காமல் இரு."