பைபாஸ் மட்டும் போதாது

"பைபாஸ் போட்டு ரோட்டை அகலப்படுத்தினால் வேலூர் நெரிசல் ஒழிந்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது பாதி உண்மைதான் நண்பரே. ஊரைக் கடந்து போகிற வண்டிகளை மட்டுமே பைபாஸ் வெளியேற்றும். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சி.எம்.சி.க்கு வரும் நோயாளிக்கும், விருதம்பட்டிலிருந்து பாலத்தைத் தாண்டிக் கடைக்கு வருபவருக்கும் அதனால் பயனில்லை. எந்த வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு சாலையின் கொள்ளளவைத் தீர்மானிப்பது இடைப்பட்ட நீளத்தில் அதன் அகலம் அல்ல, சிக்னல் உள்ள சந்திப்புதான். சிக்னல் தொடர்ந்து பச்சையாகவே இருந்தால் ஒரு தடத்தில் (லேன்) மணிக்கு ஏறத்தாழ 1,800 கார்கள் போகலாம். சிக்னலின் 120 விநாடிச் சுழற்சியில் 40 விநாடிதான் பச்சை என்றால் 600 கார்கள்தான். இடைப்பட்ட நீளத்தை எவ்வளவு அகலமாக்கினாலும் சிக்னலில் அந்த 600 மாறாது. பாலாற்றைக் கடக்கும் பாலங்கள் குறைவாக இருப்பதும் இதே மாதிரி நெரிசலை உண்டாக்கும் இடுக்குதான்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையைச் சில இடங்களில் 26 தடம் வரை விரித்தார்கள். 2008இல் பணி முடிந்தது. சில ஆண்டுகளில் உச்ச நேரப் பயணம் மீண்டும் நீண்டது. சாலை வசதியானதும் மக்கள் தொலைவில் குடியேறினார்கள், வண்டிகளும் பெருகின.

இங்கும் பைபாஸ் ஓரத்து மனைகளுக்கு நேரடி வாசல் விட்டால், அது இன்னொரு கடைத்தெருவாகிவிடும். சர்வீஸ் ரோடு வேண்டும். புது லேஅவுட் தெருக்களை முட்டுச்சந்தாக விடாமல் பக்கத்து லேஅவுட்டோடு இணைக்கவும் வேண்டும், இல்லையென்றால் எல்லா வண்டியும் ஒரே மெயின் ரோட்டில்தான் வந்து விழும்.