தனி ஆளுக்குக் கால் தேங்காய் தாற கடை எங்கே இருக்கு?

"மொத்தமா வாங்குங்கோ, மலிவு." இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா சொல்லுவா, கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் சொல்லுவார், சமையல் காணொளி போடுறவரும் அதையே சொல்லுவார். சொல்லுறவர்கள் எல்லாருடைய வீட்டிலும் குறைந்தது நாலு வாய். ஒரு வாய்க்குச் சமைத்துப் பார்த்தவர்களிடம் கேட்டால்தான் அந்த மலிவின் சீத்துவம் தெரியும்.

திருகோணமலையில் தனி அறை எடுத்துச் சமைக்கிற சனம் கொஞ்சநஞ்சமா? இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்மார், தாதிமார், வங்கியில் வேலை செய்கிற பிள்ளைகள், கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறவர்கள் என்று உவர்மலையிலிருந்து அலஸ்தோட்டம் வரைக்கும் எத்தனை அறைகள். ஆனால் இந்த ஊர்ச் சந்தையும் சரி, கடைகளும் சரி, அடுப்பும் சட்டியும் சரி, எல்லாம் ஐந்து பேர் குடும்பத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. கடையில் முட்டை ஒன்று தனியாக வாங்கலாம். பனடோல் ஒன்று வாங்கலாம், சிகரட்டும் ஒன்று வாங்கலாம். கோவாவில் கால்வாசி கேட்டால் மட்டும் ஏதோ கிட்னியைக் கேட்டதுபோல் பார்ப்பார்கள்.

அந்த மொத்தக் கணக்கை ஒருக்கால் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக, கரட் கிலோ 300 ரூபாய் என்று வையுங்கள். கால் கிலோ கேட்டால் கடைக்காரர் 75க்குப் பதிலாக 90 எடுக்கிறார். 15 ரூபாய் கூட எடுக்கிறானே என்று ரோசம் வந்து ஒரு கிலோ வாங்குகிறீர்கள். தனி ஆள் ஒரு கிழமைக்கு எவ்வளவு கரட் தின்னலாம்? 400 கிராம் தின்றால் பெரிய விஷயம். மிச்சம் 600 கிராமும் பிரிஜ் இல்லாத அறையில், இந்த உப்புக்காற்றுப் புழுக்கத்தில், நாலாம் நாள் வதங்கி ஏழாம் நாள் சளசளத்துப் போகும். அப்போது வயிற்றுக்குள் போன கரட் கிலோ 750 ரூபாய். 90 ரூபாய்க்கு வாங்கிய கால் கிலோவோ கிலோ 360 ரூபாய்தான். கொள்ளையடிக்கிறான் என்று திட்டிய கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் பாதிக் காசு மிச்சம். வாங்கின நிறைக்கு விலை பார்க்கிறதை விட்டுவிட்டுத் தின்ற நிறைக்கு விலை பாருங்கள். வீசின மிச்சம் பஸ் நிலையப் பக்கம் திரிகிற புள்ளிமான்களுக்குத்தான் போய்ச் சேரும். இந்த ஊர் மான்கள் கொழுத்துத் திரிகிறதில் நம்முடைய சம்பளமும் கொஞ்சம் இருக்கு.

தேங்காய்க்கு வருவோம். வயிறு எரிகிற இடம் இதுதான். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது அரைத் தேங்காய் தாங்கோ என்று கேட்டவர்களைக் கடைகளில் பகிடி பண்ணினார்கள். தனி ஆளின் ஒரு நேரச் சொதிக்குக் கால் தேங்காய் போதும். சம்பலுக்கு ஒரு கைப்பிடி பூ போதும். மிச்சம் முக்கால் தேங்காயை என்ன செய்ய? மூடி வைத்தால் நாளை பின்னேரம் அதன் மேல் வழுவழுப்பு. மறுநாள் இளஞ்சிவப்பாய் ஒரு படை, வாயில் வைத்தால் சவர்க்கார வாசம். அந்த வாசம் சும்மா வரவில்லை. தேங்காய் எண்ணெய்யில் சவர்க்காரம் காய்ச்சுகிறார்களே, அதே கொழுப்பமிலங்கள்தான் கிருமி பட்டு உடைந்து வெளியே வருகின்றன. அந்த வாசம் வந்த பிறகு கழுவியும் வறுத்தும் பிரயோசனமில்லை, வீசத்தான் வேண்டும்.

அப்படிப் போகாமல் இருக்க, உடைத்தவுடன் எது கண் பாதி என்று பாருங்கள். மூன்று கண் உள்ள பாதி முதலில் பழுதாகும், ஆகவே அன்றைக்கே அதைத் திருவி முடியுங்கள். மற்றப் பாதியைச் சிரட்டையோடு விட்டு, வெட்டு வாயில் உப்புத் தேய்த்துக் காற்றுப் படுகிற இடத்தில் வைத்தால் அடுத்த நாள் காலைவரை தாங்கும். அதுக்கு மேல் நம்பவேண்டாம். பிரிஜ் இருந்தால் முழுத் தேங்காயையும் ஒரே தரத்தில் திருவி நாலு பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் மெல்லிய பையில் போட்டு விரல் மொத்தத்துக்குத் தட்டையாக அமத்தி உறைய வையுங்கள். உருண்டையாய்ப் போட்டால் கல்லாகிவிடும், நடுப்பகுதி இளகப் பாதி நாள் போகும். தட்டையாக வைத்தது அரிசி கழுவி முடிக்கிறதுக்குள் இளகிவிடும். பிரிஜ் இல்லாதவர்களுக்கு ஒரே வழி வறுக்கிறதுதான். எண்ணெய் விடாமல் தாச்சியில் மெல்லிய நெருப்பில், ஈரம் போய்ப் பொன்னிறமாய்ச் சரசரக்கிற வரைக்கும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகே போத்தலில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி வேர்த்து மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு போத்தல் வாங்கின காசும் நட்டம். சரியாக வறுத்தது இரண்டு கிழமை இருக்கும். வறையிலும் போடலாம், அரைத்துக் குழம்பிலும் கரைக்கலாம். சொதிக்கு மட்டும் இது உதவாது.

சொதி என்றதும் இன்னொரு கோபம். காணொளியில் "சிம்பிள் சொதி" என்று போட்டுவிட்டு ஒரு முழுத் தேங்காய்ப் பால் ஊற்றுவார்கள். தனி ஆளுக்கு அளவு கேளுங்கள்: கால் தேங்காய், அரை வெங்காயம், பச்சை மிளகாய் ஒன்று, நாலு வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. இரண்டாம் பாலில் வெங்காயத்தை வேக விட்டு, முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டின உடனே இறக்குங்கள். கொதிக்க விட்டால் திரைந்து எண்ணெய் வேறு தண்ணீர் வேறாய் நிற்கும். தேசிக்காய் இறக்கின பிறகுதான். பாலில் செய்தது இரவு வரைக்கும் வெளியில் நிற்காது, ஆகவே ஒரு நேரத்துக்குக் காணுமட்டும் வையுங்கள்.

அடுத்தது ரைஸ் குக்கர். வாங்கப் போனால் 1.8 லீற்றர்தான் காட்டுவார்கள். "ஆரும் விருந்தாளி வந்தால் உதவும்" என்பார்கள். வருகிற விருந்தாளியும் கொத்துக் கடையில்தான் சாப்பிடப்போகிறார். தனி ஆளின் ஒரு நேரத்துக்கு அரைச் சுண்டு அரிசி, ஏறக்குறைய 100 கிராம். அதை அந்தப் பெரிய சட்டியில் போட்டால் அடியில் ஒரு விரல் உயரம்கூட வராது. அகலமான சட்டியில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகப் போய்விடும். தண்ணீர் வற்றி அடிச்சூடு 100 பாகையைத் தாண்டின உடனே ஆளி "டக்" என்று விழும். நாட்டரிசி அதற்குள் வெந்திருக்காது. அடி கருகல், மேல் பருக்கை கல். குக்கர் பழுது என்று திருத்தக் கொடுக்காதீர்கள், அளவுதான் பிழை. சட்டிக்குள் நேரே போடாமல், இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றி ஒரு சின்ன வளையமோ தட்டோ வைத்து, அதன் மேல் எவர்சில்வர் கிண்ணத்தில் அரைச் சுண்டு அரிசியும் ஒரு சுண்டுத் தண்ணீரும் வையுங்கள். பக்கத்தில் இடமிருந்தால் ஒரு தம்ளரில் 50 கிராம் மைசூர்ப் பருப்பை ஊறப்போட்டு மஞ்சளோடு வைக்கலாம். ஒரே மின்சாரத்தில் சோறும் பருப்பும் ஆவியில் வெந்துவிடும், கழுவவும் பெரிய சட்டி இல்லை.

ஒரு சுண்டு போட்டு இரவுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், மூடின சட்டியில் சூடும் குளிரும் இல்லாமல் கிடக்க விடாதீர்கள். பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. இளஞ்சூட்டில் முளைத்து அது விடுகிற நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற விட்டுப் பிரிஜ்ஜில் வையுங்கள். பிரிஜ் இல்லையென்றால் அரைச் சுண்டோடு நில்லுங்கள்.

மீனுக்கு வருவோம். மூன்று பக்கமும் கடல், ஆனால் தனி ஆளுக்கு ஒரு துண்டு மீன் வாங்க ஒரு மனு எழுத வேண்டும்.

"அண்ணா, பாரையில கால் கிலோ போடுங்கோ."

"கால் கிலோவுக்கு வெட்டினா மிச்சத்தை ஆரு தங்கச்சி வாங்குறது? அரைக் கிலோவா எடுங்க."

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கு. பெரிய மீனில் கத்தி வைத்தால் வெட்டு வாய் காய்ந்து, அந்தத் துண்டை அடுத்த ஆள் விரலால் அமத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே முழு மீன் கிடக்கிற பலகைக்கு முன்னால் நின்று கால் கிலோ கேட்காதீர்கள். ஏற்கெனவே வெட்டுப்பட்டுக் கிடக்கிற மீன் எது என்று பார்த்து அங்கே கேளுங்கள். வால் துண்டை ஆரும் விரும்பமாட்டார்கள், நடுத்துண்டை விட இறக்கித் தருவார்கள். தலையும் அப்படித்தான், ஒரு பாரைத் தலை தனி ஆளுக்கு இரண்டு நேரக் குழம்பு. சூடை, நெத்தலி கூறு போட்டு விற்பார்கள். கூறு மலிவாய்த் தெரியும். தலையும் குடலும் கழித்தால் நல்ல பங்கு குப்பைக்குப் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், கழுவ முக்கால் மணித்தியாலம் நிற்கிறதையும்.

பின்னேரக் கழிவு விலைச் சூரை பற்றி ஒரு எச்சரிக்கை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் ஊறிவிடும். அது கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. மணம் வராமலே இருக்கலாம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். நாக்கில் மிளகு கடித்ததுபோல் ஒரு உறைப்புக் கண்டால் அந்த வாயோடு நிறுத்துங்கள். மலிவுக்கு வாங்கின சூரைக்கு மருந்துக்கடைச் செலவும் சேர்ந்தால் அறக்குளாவே வாங்கியிருக்கலாம்.

அரைக் கிலோவைத் தலையில் கட்டிவிட்டால் அன்றைக்கே முழுவதையும் முடிவு கட்டுங்கள். பாதியைப் புளிக்குழம்பாக வையுங்கள், பால் விடாதீர்கள். பழப்புளிக் கரைசல் தடிப்பாக இருந்து, இரவும் காலையும் ஒருக்கால் கொதிக்க வைத்தால் மறுநாளும் நிற்கும், ருசியும் கூடும். மற்றப் பாதிக்குக் கொறுக்காய்ப்புளி, மிளகு, உப்பு அரைத்துப் பிரட்டி, மண்சட்டியில் தண்ணீர் முழுக்க வற்றும்வரை விடுங்கள். வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் மீன் விலையைக் கேட்கவே ஏலாது. அப்போது முட்டையும் கருவாடும்தான். மாரியில் கருவாட்டைப் பொலித்தீனில் கட்டி வைக்காதீர்கள், வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசியில் சுற்றி, வெயில் எறிக்கிற நாளில் மொட்டை மாடியில் காட்டுங்கள். காகத்துக்கு ஒரு காவல் தேவை.

கறித்தூள் கிலோக்கணக்கில் திரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனி ஆள் ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் மூன்று கிராம் சொச்சம், மாதம் 100 கிராம். ஒரு கிலோ திரித்தால் பத்து மாதம். மூன்றாம் மாதத்தில் வாசம் போகும், பிறகு கட்டி, பிறகு வண்டு. 100 கிராம் பைக்கற்றுக்குக் கூடக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

பாணுக்காவது சட்டம் கருணை காட்டியிருக்கு. முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று 2024இல் நிறை விதித்தார்கள். அரை ஆளுக்கும் ஒரு நிறை உண்டு என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். சீனக்குடாவில் மா ஆலை கண்ணுக்கு முன்னால் நிற்குது, பாண் விலை மட்டும் அதைப் பார்த்ததாய்த் தெரியவில்லை.

காஸ் விஷயத்தில் 12.5 கிலோ சிலிண்டர் தனி அறைக்கு வேண்டாம். வைப்புக்காசு முடங்கும், மாடிக்குத் தூக்க ஆள் பிடிக்க வேண்டும், அறை மாறினால் அதுவும் ஒரு பாரம். 5 கிலோ காணும். 2.3 கிலோ அடிக்கடி மாற்ற ஏலுமானவர்களுக்கு. எதை வாங்கினாலும் கடையில் வைத்தே நிறுக்கச் சொல்லுங்கள். சிலிண்டரின் கழுத்தில் வெற்று நிறை பொறித்திருக்கும், மொத்த நிறையிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் காஸ். "நம்பிக்கை இல்லையா" என்று முகத்தைத் தூக்குவார்கள். தூக்கட்டும். சாமானில் அச்சடித்த விலைக்கு மேல் கேட்டாலும் அதே மாதிரி நில்லுங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் சும்மா இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு கடைச் சோத்துப் பார்சல்தான் மலிவு என்று ஒருவர் சொல்ல வருவார். சில நாள் உண்மைதான், மரக்கறி நாலு வகை தனியாக வாங்கி ஒரு நேரம் சமைக்கிறதை விடப் பார்சல் இறங்கும். அதனால் நாலு கறி சமைக்கிற வீம்பை விடுங்கள். ஒரு கறி, ஒரு சம்பல், ஒரு பிடி கீரை. முருங்கையிலைக்கு வேலியோரம் கேட்டால் போதும், காசு இல்லை.

கோவாவுக்கும் தேங்காய்க்கும் பூசணிக்கும் ஒரே வழி பக்கத்து அறைதான். அங்கேயும் ஒரு தனி ஆள், அங்கேயும் அரைக் கோவா அழுகுது. வீட்டுக்கார அன்ரி "அறைக்காரர் கூடிக் கதைக்கிறதில்லை" என்று சட்டம் போட்டிருந்தாலும், தேங்காயை உடைக்க முதல் அந்தக் கதவைத் தட்டுங்கள். பாதி விலையை வாங்கிக்கொண்டு, கண் இல்லாத பாதியை அவர்களுக்குக் கொடுங்கள். கண் பாதியை நீங்கள் எடுங்கள், இண்டைக்குச் சொதி வைக்கிறது நீங்கள்தானே.